ஏரி நீரின் வெப்பக் கணக்கு

மார்கழி, தை மாதங்களில் விடியற்காலையில் உதகமண்டலத்துக்குச் செல்வோர் ஒரு காட்சியைக் கண்டிருப்பார்கள். தலைக்குந்தாவின் புல்வெளிகளும், குதிரைப் பந்தய மைதானமும், தாவரவியல் பூங்காவின் புல்தரையும் உப்பைத் தூவினாற்போல் வெளுத்துக் கிடக்கும். இரவில் வெளியே நிறுத்திய வண்டிகளின் மேல் பனி உறைந்திருக்கும். வாளியில் விட்டுவைத்த நீரின் மேல் கண்ணாடிச் சில்லைப் போன்ற மெல்லிய பனிக்கட்டி மிதக்கும். ஆனால் அதே நேரத்தில், சிறிது தொலைவிலேயே உள்ள உதகை ஏரி சற்றும் உறையாமல், மெல்லிய ஆவியை எழுப்பிக்கொண்டு அமைதியாகக் கிடக்கும்.

குளிர் ஒன்றே, இரவும் ஒன்றே, வானமும் ஒன்றே. அப்படியிருக்கப் புல்லின் மேல் பனி உறைவதும் ஏரி உறையாதிருப்பதும் ஏன்? இக்கேள்விக்கு விடை காண்பவர், ஏரி, குளம், பண்ணைக் குட்டை ஆகியவற்றின் நீர் எப்போது குளிரும், எவ்வளவு குளிரும், எப்போது உறையும் என்பதை முன்கூட்டியே கணித்துச் சொல்லும் கலையின் வாயிலில் நிற்கிறார் எனலாம்.

“நம் ஊரில் ஏரி உறைவதேயில்லை, இந்த ஆராய்ச்சி நமக்கு எதற்கு?” என்று கூடலூர் வட்டத்தைச் சேர்ந்த ஸ்ரீமதுரைப் பஞ்சாயத்தின் உழவர் ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஸ்ரீமதுரை உதகையைவிட ஆயிரம் மீட்டருக்கு மேல் தாழ்ந்த இடத்தில் இருக்கிறது. ஆயிரம் மீட்டர் இறங்கினால் காற்றின் வெப்பம் சராசரியாக ஆறரை டிகிரி உயர்கிறது. எனவே உதகையின் குளிர் அங்கே இல்லை. ஆயினும் அங்கும் நாற்றங்கால் உண்டு; தாழ்ந்த வயல்கள் உண்டு; மீன் வளர்க்கும் குளங்களும் குட்டைகளும் உண்டு. ஒரே இரவில் நாற்று கருகுவதும், ஒரே விடியலில் குளத்து மீன்கள் மேலே வந்து வாய் பிளந்து மிதப்பதும், ஏரி உறையும் அதே இயற்கை விதியின்படியே நிகழ்கின்றன. அவ்விதியை அறிந்தவர் இழப்பைத் தவிர்க்கலாம். அறியாதவர் விதியை நொந்துகொள்ள நேரிடும்.

நீருக்கும் வரவு செலவு உண்டு

பஞ்சாயத்து உறுப்பினர்கள் ஆண்டுதோறும் வரவு செலவுத் திட்டம் தயாரிக்கிறார்கள். வரி, மானியம் முதலியன வரவு; சாலை, விளக்கு, குடிநீர் முதலியன செலவு; எஞ்சுவது இருப்பு. ஏரியின் வெப்பநிலையும் இத்தகைய இருப்பே ஆகும்.

ஏரிக்குப் பெரிய வரவு சூரிய ஒளி. வானமும் மேகமும் கீழ்நோக்கி வீசும் வெப்பக் கதிர்கள் இரண்டாவது வரவு. காற்று நீரைவிட வெதுவெதுப்பாக இருக்கும்போது அதனிடமிருந்து கிடைப்பதும், ஓடைகள் கொண்டுவருவதும், அடியிலுள்ள சேறு மெல்ல விடுவதும் சிறு வரவுகள்.

செலவு மூன்று வகை. முதலாவது, நீர்ப்பரப்பு இரவும் பகலும் வானத்தை நோக்கி விடும் கதிர்வீச்சு. மேகமற்ற இரவில் வானம் திருப்பித் தருவது குறைவாதலால் இச்செலவு மிகுதியாகத் தோன்றுகிறது. இரண்டாவது, ஆவியாதல். ஒரு கிராம் நீர் ஆவியாகும்போது ஏறத்தாழ 590 கலோரி வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. விடியற்காலையில் ஏரியின் மேல் தோன்றும் ‘புகை’ இச்செலவின் அடையாளம். மூன்றாவது, குளிர்ந்த காற்று தொட்டு எடுத்துச் செல்வது.

வரவு மிகுந்தால் நீர் சூடேறும். செலவு மிகுந்தால் குளிரும். இவ்வளவே அடிப்படை. இவற்றை ஒவ்வொரு நாளும், ஏன், ஒவ்வொரு மணியும் கணக்கிட்டு, நாளை நீரின் வெப்பம் இவ்வளவு இருக்கும் என்று சொல்லும் கணக்கு முறையைத்தான் அறிவியலார் ‘மாதிரி’ என்று அழைக்கிறார்கள். மாதிரி என்றதும் களிமண்ணாற் செய்த பொம்மையை எண்ண வேண்டாம். இது ஏட்டில் எழுதும் பேரேடு போன்றது.

ஆழமே இருப்பு

இனி ஒரு கணக்கைப் பார்ப்போம். குளிர்காலத்தின் தெளிந்த இரவொன்றில் ஒரு சதுர மீட்டர் நீர்ப்பரப்பு, வரவு போக நிகரமாக மணிக்கு 86 கிலோ கலோரி வெப்பத்தை இழக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இது இயல்பான அளவுக்கு நெருங்கியதே. பன்னிரண்டு மணி நேர இரவில் இழப்பு ஆயிரம் கிலோ கலோரிக்குச் சற்று மேல் ஆகும். ஒரு கிலோ நீர் ஒரு டிகிரி குளிர ஒரு கிலோ கலோரியை இழக்க வேண்டும் என்பது நாம் பள்ளியிற் படித்ததே.

இரண்டு மீட்டர் ஆழமுள்ள குளத்தில் ஒரு சதுர மீட்டர்ப் பரப்பின் கீழ் 2,000 கிலோ நீர் நிற்கிறது. ஆயிரம் கிலோ கலோரி போனால் அது அரை டிகிரிதான் குளிரும். பத்து மீட்டர் ஆழமுள்ள ஏரியாயின், அதே இழப்பினால் டிகிரியில் பத்தில் ஒரு பங்கு மட்டுமே குறையும். மறுநாள் காலையில் சூரியன் எழுந்து, நீலகிரியின் தெளிந்த குளிர்காலப் பகலில் சதுர மீட்டருக்கு நாலாயிரம் கிலோ கலோரி அளவில் ஒளியை வழங்குகிறான். பகலிலும் கதிர்வீச்சும் ஆவியாதலும் உண்டாதலால் அவ்வளவும் இருப்பில் சேர்வதில்லை. ஆயினும் இரவின் குறையை ஈடுசெய்ய அது பெரும்பாலும் போதுமானது. ஆகவே உதகை ஏரி உறைவதற்கு இடமேயில்லை.

இப்போது ஓர் இலையை எடுத்துக்கொள்வோம். இலையும் அதன் மேல் படிந்த பனித்துளியும் சேர்ந்து ஒரு சதுர மீட்டருக்கு ஒரு கிலோ நீர் அளவே இருக்கும். பத்து டிகிரியிலிருந்து பூஜ்யத்துக்குக் குளிர அதற்குப் பத்துக் கிலோ கலோரி இழப்பு போதும். ஏழே நிமிடத்தில் அது முடிந்துவிடும். உறைவதற்கு மேலும் எண்பது கிலோ கலோரி. அதற்கு ஒரு மணி நேரத்துக்கும் குறைவே ஆகும். காற்றும் மண்ணும் தரும் சிறு உதவியால் இது சற்றுத் தாமதப்படலாம். ஆனால் இரவு நீண்டது. ஐந்து சென்டிமீட்டர் நீருள்ள தொட்டியோ இரவு முழுவதும் குளிர்ந்து, விடியும் வேளையில் மேலே மட்டும் மெல்லிய ஆடையைப் போல உறைகிறது.

எனவே இலை, தொட்டி, குளம், ஏரி ஆகிய நான்கும் ஒரே அளவு செலவு செய்கின்றன. கையிருப்பில்லாதவன் முதலில் கடனாளியாகிறான். இருப்புள்ளவன் தாங்கி நிற்கிறான். நீருக்கு அதன் ஆழமே இருப்பு.

உதகை ஏரி இயற்கையாக அமைந்ததன்று. கோயம்புத்தூர்க் கலெக்டராயிருந்த ஜான் சல்லிவனின் முயற்சியால் 1823 முதல் 1825 வரை மலை ஓடைகளின் நீரைத் தேக்கி அது உருவாக்கப்பட்டது. பிற்காலத்தில் பைக்காரா, முக்குருத்தி, அவலாஞ்சி, எமரால்டு, மேல்பவானி முதலிய நீர்த்தேக்கங்கள் மின்சாரத்துக்காக எழுந்தன. பைக்காரா மின் நிலையம் 1932-இல் இயங்கத் தொடங்கியது. ஆழமான இத்தேக்கங்கள் குளிர்காலத்தில் வெப்பக் களஞ்சியங்களாகவே விளங்குகின்றன. கரையிலுள்ள புல் வெளுத்தாலும் நடுநீர் உறைவதில்லை.

ஏரி உறையும் நாடுகளில்

நம் நாட்டிலேயே உறையும் ஏரிகள் உண்டு. காஷ்மீரத்துத் தால் ஏரி கடுங்குளிர் ஆண்டுகளில் உறைகிறது. 2021-ஆம் ஆண்டு ஜனவரியில் ஸ்ரீநகரில் வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழ் 8.4 டிகிரிக்கு இறங்கியபோது ஏரியின் மேற்பரப்பு பனிக்கட்டியானது. லடாக்கில் 4,200 மீட்டருக்கும் உயரத்திலுள்ள பாங்காங் ஏரி, நீர் உப்பாக இருந்தும், குளிர்காலத்தில் உறைந்துவிடுகிறது. ஸ்ரீநகரில் குளிர்காலப் பகல் பத்து மணி நேரமே. சூரியனும் தெற்கே தாழ்ந்து, சாய்ந்த கதிர்களையே வீசுகிறான். வரவு நம்முடையதில் பாதிக்கும் குறைவாகிறது. செலவோ நாள்தோறும் தொடர்கிறது. பல வாரங்கள் இப்படியே நடந்தால் எவ்வளவு பெரிய இருப்பும் கரைந்துவிடும்.

இங்கே நீருக்கே உரிய ஒரு விந்தையைக் கவனிக்க வேண்டும். பெரும்பாலான பொருள்கள் குளிரக் குளிரக் கனமாகின்றன. நீரும் நான்கு டிகிரி வரையில் அப்படியே கனமாகிறது. ஆகவே குளிர்ந்த மேல்நீர் கீழே இறங்க, வெதுவெதுப்பான அடிநீர் மேலே வந்து, ஏரி முழுவதும் கலங்கிக் குளிர்கிறது. நான்கு டிகிரிக்குக் கீழே குளிர்ந்தாலோ நீர் இலேசாகிவிடுகிறது. அப்போது மிகக் குளிர்ந்த நீர் மேலேயே தங்கி, அங்கேயே உறைகிறது. பனிக்கட்டி நீரைவிட இலேசாதலால் மிதக்கிறது. அடியில் நான்கு டிகிரியை ஒட்டிய நீரில் மீன்கள் உயிர் பிழைக்கின்றன. இவ்வமைப்பு மட்டும் இல்லையேல் வடநாட்டு ஏரிகள் அடியிலிருந்தே உறையத் தொடங்கும்; மீன் இனமே அங்கு வாழ்ந்திராது.

உறைந்தபின் பனிக்கட்டி எவ்வளவு தடிக்கும்? இதற்கு எளிய விதி ஒன்றை ஆஸ்திரிய நாட்டு அறிஞர் யோசெப் ஸ்டெஃபான் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் வகுத்தார். ஒவ்வொரு நாளும் காற்றின் சராசரி வெப்பம் பூஜ்யத்துக்குக் கீழே எத்தனை டிகிரி என்று பார்த்து, நாள்தோறும் கூட்டிக்கொண்டே வர வேண்டும். அக்கூட்டுத்தொகையின் வர்க்கமூலத்தை மூன்றரையால் பெருக்கினால், பனிக்கட்டியின் தடிப்பு சென்டிமீட்டரிற் கிடைக்கும். பூஜ்யத்துக்குக் கீழ் பத்து டிகிரியாகப் பத்து நாள் நீடித்தால் கூட்டுத்தொகை நூறு. அதன் மூலம் பத்து. தடிப்பு 35 சென்டிமீட்டர். மேலே வெண்பனி கம்பளி போல் மூடியிருந்தால் குளிர் உள்ளே இறங்குவது தடைப்படும். உண்மைத் தடிப்பு இதில் பாதி அளவுக்குக்கூடக் குறையலாம். பனிக்கட்டி தடிக்கத் தடிக்க அதுவே போர்வையாகிவிடுவதால்தான் இக்கணக்கில் வர்க்கமூலம் வருகிறது. முதல் அங்குலம் விரைவில் உறையும். பிந்திய அங்குலங்களுக்கு நாள் பிடிக்கும்.

இன்று கணிப்பொறிகள் இவ்வேலையை மிக நுட்பமாகச் செய்கின்றன. ஜெர்மனியின் வானிலைத் துறையில் வளர்க்கப்பட்ட ‘ஃப்ளேக்’ என்னும் மாதிரி, ஏரியை இரண்டு அடுக்காகக் கொள்கிறது. மேலே நன்கு கலந்த வெதுவெதுப்பான அடுக்கு. கீழே ஆழம் செல்லச் செல்லக் குளிர்ந்துகொண்டே போகும் அடுக்கு. இம்மாதிரியை ஐரோப்பிய வானிலை மையம் 2015 முதல் தன் முன்னறிவிப்புக் கணிப்பில் சேர்த்துப் பயன்படுத்தி வருகிறது. ஏரியின் வெப்பத்தையும் அதன் பனிமூடலையும் அறிந்தால்தான் அதன் கரையோரத்து வானிலையைச் சரிவரச் சொல்ல முடியும்.

ஆயினும் நுட்பமான மாதிரிக்கும் மனிதர் குறித்த ஏடே உரைகல். ஜப்பானில் சுவா என்னும் ஏரி உறைந்த நாளைக் கோயில் பூசாரிகள் 1443 முதல் எழுதி வந்துள்ளனர். பின்லாந்து, சுவீடன் எல்லையிலுள்ள தோர்னே ஆற்றில் பனிக்கட்டி உடையும் நாள் 1693 முதல் குறிக்கப்பட்டு வருகிறது. எழுதியவர்களுக்கு வானிலை ஆராய்ச்சி தெரியாது. ஆனால் நாள் தவறாமல் எழுதினார்கள். அதனால்தான் சுவா ஏரி முழுமையாக உறையாத ஆண்டுகள் அண்மைக் காலத்தில் பெருகியிருப்பதும், உலகம் வெப்பமடைந்து வருவதால் வடகோளத்து ஏரிகளில் பனிமூடும் காலம் குறுகி வருவதும் இன்று ஐயத்துக்கு இடமின்றித் தெரிகின்றன. சிற்றூரில் எழுதிய குறிப்பும் உலகுக்குப் பயன்படும் என்பதற்கு இவை சான்று.

குளத்தில் மறைந்துள்ள ஆபத்து

இனி ஸ்ரீமதுரைக்குத் திரும்புவோம். அங்கே குளம் உறையப்போவதில்லை. ஆனால் அது ‘புரள’க் கூடும்.

இரண்டு மீட்டர் ஆழமுள்ள மீன் குளம் ஒன்றை எண்ணிப் பாருங்கள். வெயில் நாட்களில் மேல் ஒரு மீட்டர் நீர் 24 டிகிரியும், கீழ் ஒரு மீட்டர் 22 டிகிரியும் இருக்கிறது என்று கொள்வோம். இலேசான மேல்நீர் கனமான அடிநீருடன் கலப்பதில்லை. அடியில் சேறும், சாணமும், மீன் தின்னாத தீனியும் அழுகி, அங்குள்ள பிராண வாயுவைத் தீர்த்துவிடுகின்றன. மீன்கள் மேல் அடுக்கிலேயே வாழ்ந்துகொண்டிருக்கும். வெளியே எதுவும் தெரியாது.

பிறகு மேகமூட்டமும் குளிர்காற்றும் தொடர்ந்து வருகின்றன. பகல் வரவு குறைந்து, நாளொன்றுக்கு நிகரச் செலவு சதுர மீட்டருக்கு ஆயிரம் கிலோ கலோரி ஆகிவிட்டால் என்ன நடக்கும்? மேலேயுள்ள ஆயிரம் கிலோ நீர் நாளுக்கு ஒரு டிகிரி குளிரும். இரண்டு நாளில் 24 என்பது 22 ஆகிவிடும். மேலும் கீழும் சமமானவுடன் தடை நீங்கி, சிறு காற்று அடித்தாலும் குளம் முழுவதும் கலந்துவிடும். பிராண வாயுவற்ற அடிநீர் மேலே பரவும். இரவில் பாசிகளும் பிராண வாயுவை உண்டாக்குவதில்லை. விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். கவனிக்காவிட்டால் காலைக்குள் மிதக்கும். இதைக் கண்டவர்கள் யாரோ நஞ்சு கலந்துவிட்டதாக ஐயுற்று அண்டை அயலாருடன் சச்சரவு கொள்வதும் உண்டு. பல சமயம் நஞ்சு வெளியிலிருந்து வந்ததன்று. குளத்தின் அடியிலேயே சேர்ந்திருந்தது.

மேல், கீழ் வெப்ப வேற்றுமையை நாள்தோறும் அளந்து வந்தவருக்கு இந்நிகழ்ச்சி எதிர்பாராததாக இராது. வேற்றுமை இரண்டு டிகிரியிலிருந்து ஒன்றாகவும், ஒன்றிலிருந்து அரையாகவும் சுருங்குவதைக் கண்டதும் அவர் தீனியை நிறுத்துவார், சாணம் இடமாட்டார், புது நீரை உயரத்திலிருந்து சிதறி விழும்படி விடுவார், காற்றூட்டும் கருவி இருந்தால் இரவில் இயக்குவார், வளர்ந்த மீன்களில் ஒரு பகுதியை முன்னதாகவே பிடித்துவிடுவார். ஓராண்டு உழைப்பு இவ்விரண்டு நாள் எச்சரிக்கையால் காக்கப்படும்.

எந்த மீனை வளர்ப்பது என்பதையும் நீரின் வெப்பமே முடிவு செய்கிறது. குளிர்ந்த ஓடை நீரை விரும்பும் டிரவுட் மீனுக்காக 1907-இல் அவலாஞ்சியில் குஞ்சு பொரிப்பகம் அமைந்தது. குளிரைத் தாங்கும் கண்ணாடிக் கெண்டை 1939-இல் இலங்கையிலிருந்து நீலகிரிக்குக் கொண்டுவரப்பட்டது. கட்லா, ரோகு முதலியன வெதுவெதுப்பான நீரிலேயே நன்கு வளர்கின்றன; நீர் குளிர்ந்தால் தீனி எடுப்பதைக் குறைத்துக்கொள்ளும். அவ்வேளையில் வழக்கம்போல் தீனி போடுவது பணத்தைச் சேற்றில் போடுவதேயாகும்.

நாற்றங்காலுக்கு நீரே காவல்

வெப்பக் கணக்கு நாற்றங்காலுக்கும் உதவும். குளிர்ந்த காற்று கனமானது; நீரைப் போலவே சரிவில் இறங்கித் தாழ்ந்த இடத்தில் தேங்கும். ஆதலால் பனிக்கு அஞ்சும் நாற்றுக்களைப் பள்ளத்தில் வளர்க்காமல் சரிவின் நடுப்பகுதியில் வளர்ப்பது நன்று. கீழ்ப்புறத்தில் அடர்ந்த வேலி இருந்தால் அது அணைபோல நின்று குளிர்காற்றைத் தேக்கும். அங்கே வழிவிட வேண்டும்.

வானிலை நிலையம் கூறும் வெப்பநிலை, தரைக்கு மேல் ஏறத்தாழ ஒன்றேகால் மீட்டர் உயரத்தில் நிழற்பெட்டியில் அளக்கப்படுவது. தெளிந்த, காற்றில்லாத இரவில் புல்லின் நுனி அதைவிடப் பல டிகிரி குளிர்ந்திருக்கும். ஆகவே “மூன்று டிகிரிதானே, உறையாது” என்று இருந்துவிடலாகாது.

பனி எதிர்பார்க்கும் நாளில் பகலிலேயே மண்ணை நனைத்து வைத்தால், ஈரமண் பகல் வெப்பத்தை மிகுதியாகச் சேர்த்துவைத்து இரவில் மெல்ல விடும். உதகை தாவரவியல் பூங்காவில் மலர்ச் செடிகளை மிலார்ச் செடிகளால் மூடிக் காப்பதைப் பலர் கண்டிருப்பார்கள். அம்மூடாக்கு, செடி வானத்தை நோக்கிச் செய்யும் செலவைத் தடுக்கிறது. புகை மூட்டுவதோ அவ்வளவாகப் பயன் தருவதில்லை. வெப்பக் கதிர்கள் புகையை எளிதில் ஊடுருவிச் சென்றுவிடுகின்றன.

தெளிப்பு நீரும் ஒரு காவல். ஒரு கிலோ நீர் உறையும்போது எண்பது கிலோ கலோரி வெப்பத்தை வெளிவிடுகிறது. மணிக்கு ஒரு மில்லிமீட்டர் நீர் தெளித்து அது செடியின் மேல் உறைந்தால், இரவின் இழப்பாகிய 86 கிலோ கலோரி ஏறக்குறைய ஈடாகிவிடுகிறது. செடி பூஜ்யத்தை ஒட்டியே நின்று பிழைக்கிறது. காற்றையும் சேதாரத்தையும் கருதி இரண்டு மில்லிமீட்டர் என்று கொள்வோம். எட்டு மணி நேரத்துக்கு ஐந்து சென்ட் நாற்றங்காலுக்கு ஏறத்தாழ 3,200 லிட்டர் போதும். ஓர் ஏக்கருக்கோ 65,000 லிட்டர் ஆகும். எனவே தோட்டம் முழுவதற்கும் இது எளிதன்று, நாற்றங்காலுக்கு ஏற்றது. பலத்த காற்று வீசும் இரவில் இரண்டு மில்லிமீட்டரும் போதாது. ஒன்றை மறவாதிருத்தல் வேண்டும்: தெளிக்கத் தொடங்கினால், சூரியன் எழுந்து பனி உருகும்வரை நிறுத்தலாகாது. இடையில் நிறுத்தினால் நனைந்த செடியிலிருந்து நீர் ஆவியாகி, நனையாத செடியைவிட மிகுந்த சேதம் விளையும்.

பஞ்சாயத்து செய்யத்தக்கது

இவ்வளவுக்கும் வேண்டிய கருவி, பாதரசமில்லாத நல்ல வெப்பமானி ஒன்று. அளவு குறித்த மூங்கிற்கழி ஒன்று. தக்கையிட்ட புட்டி ஒன்று. ஒரு நோட்டுப் புத்தகம். புட்டியில் கல்லைக் கட்டி, தக்கைக்குத் தனிக் கயிறு கட்டி, வேண்டிய ஆழத்துக்கு இறக்க வேண்டும். ஐந்து நிமிடம் பொறுத்துத் தக்கையை இழுத்தால் அவ்வாழத்து நீர் புட்டியில் நிறையும். மேலே எடுத்தவுடன் வெப்பத்தைப் பார்த்து எழுதிவிட வேண்டும்.

மேற்பரப்புக்குச் சற்றுக் கீழே ஒன்று, நடுவில் ஒன்று, அடிக்கு ஓரடி மேலே ஒன்று என மூன்று அளவுகள். காலை ஆறு மணிக்கும் பிற்பகல் மூன்று மணிக்கும். அவற்றுடன் வானம் தெளிவா மேகமா, காற்று உண்டா இல்லையா, நீர்மட்டம் எவ்வளவு, மீன்கள் மேலே வந்தனவா என்பதையும் குறிக்க வேண்டும். பள்ளி மாணவர்கள் ஆசிரியரின் மேற்பார்வையில் இதை மகிழ்வுடன் செய்வார்கள். ஆழமான கரையில் மட்டும் பெரியவர் ஒருவர் துணை நிற்க வேண்டும்.

ஒரு குளிர்காலம் எழுதினால், தெளிந்த இரவில் உங்கள் குளம் எவ்வளவு குளிர்கிறது என்பது விளங்கும். அதுவே உங்கள் குளத்துக்கு உரிய மாதிரி. ஆழம் பாதியானால் குளிர்வது இரு மடங்காகும் என்ற விதியைக் கொண்டு அண்டைக் குட்டைக்கும் கணிக்கலாம். தூர் வாராமல் குளம் மேடிட்டுப் போனால் நீரளவு மட்டுமன்றி வெப்ப இருப்பும் குறைகிறது என்பதும் அந்த ஏட்டிலேயே தெரியவரும். வானில் சுற்றும் செயற்கைக்கோள்கள் பெரிய ஏரிகளின் மேற்பரப்பு வெப்பத்தை அளக்கின்றன. ஆனால் மரநிழலிலுள்ள சிறு குளத்தையும், எந்தக் குளத்தின் அடிநீரையும் அவை அறியமாட்டா. அதை அறிய வேண்டியவர் கரையில் வாழ்பவரே.

கணக்கு தவறுவதும் உண்டு. மலைப்பள்ளத்தின் காற்றும், ஊற்று நீரும், மரநிழலும் ஒவ்வொரு குளத்திலும் வேறுபடும். எனவே கணித்ததையும் கண்டதையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி, வேறுபட்டால் காரணத்தை ஆராய்ந்து திருத்த வேண்டும். வரவு செலவுத் திட்டத்தை ஆண்டு முடிவில் தணிக்கை செய்வது போலத்தான் இதுவும்.

பஞ்சாயத்தின் பணக் கணக்கை ஒழுங்காக வைத்திருப்பது நல்ல நிர்வாகத்தின் அடையாளம். ஊர்க் குளத்தின் வெப்பக் கணக்கையும் அவ்வாறே வைத்திருக்கும் பஞ்சாயத்தில், வருகிற மார்கழிக் குளிர் நாற்றங்காலையும் மீன் குளத்தையும் எச்சரிக்கையின்றித் தாக்குவது அரிதாகும்.